குயில் மேட்டுக்காரர்கள்: பென்னிகுயிக் என்ற பெயரை எண்ணிய கதை

என் அக்கா மகன் பெயர் பென்னிகுயிக். கம்பம் பள்ளத்தாக்கில் இதைக் கேட்டு யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது எங்கள் பக்கம் வழக்கம். தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர், லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம், பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று அவருக்காகவே பொங்கல்.

போன வருடம் விடுமுறையில் பையன் ஏதோ போட்டிக்கு ஆன்லைனில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, கர்னலுக்கு இது கடைசிப் பேருதானே? அப்ப அவங்க நாட்டுல இன்னும் எத்தனை பேருக்கு இந்தப் பேரு இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்த்துச் சொல்றேன்டா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஆறு மாதம் போனது. வேலை முடிந்து வந்து, இரவு பத்து மணிக்கு மேல் கணினியைத் திறந்து உட்கார்ந்த ஆறு மாதம். என்ன செய்தேன், எங்கே சறுக்கினேன், எதைத் திருத்தினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு ஏதாவது அரிய பிரிட்டிஷ் குடும்பப் பெயரைத் தேடுகிறவர்களுக்கும் இதே வழி உதவும்.

முதலில் இந்தப் பெயர் பிறந்த ஊர். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், நார்த் எஸ்க் ஆற்றங்கரையில் ஒரு சிறு நகரம். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் யு, ஐ, கே என்று மூன்று எழுத்து வரும், சொல்லும்போது 'பெனிகுக்'. காகித ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஸ்காட்லாந்தின் அந்தப் பகுதியில் ஆங்கிலம் வேரூன்றுவதற்கு முன்பு பேசப்பட்டது, இன்றைய வெல்ஷ் மொழிக்கு நெருங்கிய உறவான ஒரு பழைய மொழி. அதில் 'பென்' என்றால் தலை, மேடு. 'கோக்' என்றால் குக்கூ பறவை, நம் குயிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆக, குயில் மேடு. நாம் 'குயிக்' என்று எழுதுவது ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்த்து அப்படியே வாசித்ததால் வந்தது. அதில் தமிழ்க் குயில் வந்து உட்கார்ந்தது தற்செயல்தான். இருந்தாலும் இதை அக்கா மகனிடம் சொன்னபோது அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்த மேட்டையும் சுற்றிய நிலத்தையும் வைத்திருந்த குடும்பம் ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் நிலம் கைமாறி, பாரிசில் வணிகம் செய்து பொருள் சேர்த்த ஜான் கிளார்க்கிடம் போனது. இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இந்தக் கிளார்க் வழியில் வந்தவர். நிலம் போன பிறகும் பழைய குடும்பத்தோடு பெயர் தங்கிவிட்டது. நிலத்துக்குச் சொந்தமில்லாத சாதாரண மக்களுக்கும் இந்தப் பெயர் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன், அதுவும் பெரும்பாலும் ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு. மதுரையில் இருக்கிறவரை யாரும் ஒருவரை 'மதுரைக்காரர்' என்று கூப்பிடுவதில்லை. திருப்பூருக்குப் போய்க் கடை போட்டால்தான் அந்தப் பெயர் வரும். அதனால் இப்படி ஊரிலிருந்து பிறந்த குடும்பப் பெயரைத் தேடும்போது அந்த ஊரில் மட்டும் தேடக் கூடாது. அதைச் சுற்றி ஒரு நாள், இரண்டு நாள் நடை தூரத்தில் இருக்கும் ஊர்களில் தேட வேண்டும்.

அப்புறம் எண்ணும் வேலை. முதல் முயற்சி முழுக்கத் தப்பு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். அந்த அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் தட்டெழுதி 'ஃப்ரீபிஎம்டி' என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். நான் கர்னலின் பெயரை அவர் எழுதியபடியே, கடைசியில் யு, ஐ, சி, கே என்று போட்டுத் தேடினேன். வந்த வரிகளை எக்செல்லில் ஒட்டி, பத்து வருடத்துக்கு ஒரு கூட்டல் போட்டு, கோடு வரைந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் மனம் உறுத்தியது. ஸ்காட்லாந்துப் பெயர் ஒன்றை ஸ்காட்லாந்தே இல்லாத பட்டியலில் எண்ணியிருக்கிறேன். அங்கே அரசுப் பதிவு 1855 ஜனவரி 1 முதல்தான், அதுவும் தனி அலுவலகம், தனிப் பட்டியல். அதற்கு முந்தைய காலத்துக்குத் திருச்சபைகளின் பழைய ஊர்ப் பதிவேடுகள். இவை 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் கிடைக்கின்றன; அட்டவணையில் தேடிவிட்டு, மூலப் பக்கத்தின் படம் வேண்டுமென்றால் கிரெடிட் வாங்க வேண்டும்.

இரண்டாவது தப்பு இன்னும் பெரிது. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கொட்டிக் கூட்டியிருந்தேன். ஒருவர் பிறந்து, இரண்டு முறை திருமணம் செய்து, இறந்தால் என் கணக்கில் நான்கு பேர்.

இதை எப்படிப் பிரிப்பது என்று குழம்பியபோது கை கொடுத்தது எங்கள் ஊர்ப் பேச்சுதான். பெரியாறு அணைக்குத் தினமும் மூன்று எண் சொல்வார்கள்: நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இந்த மூன்றும் வேறு வேறு என்று தெரியும். பெயருக்கும் அதேதான். பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கு நீர்மட்டம். பிறப்புப் பதிவு நீர்வரத்து. இறப்பு, கப்பலேறிப் போனது, பெண்கள் திருமணமாகிப் பெயர் மாறியது எல்லாம் வெளியேற்றம். எக்செல் கோப்பை மூன்று தாளாகப் பிரித்து, மூன்றுக்கும் இந்தப் பெயர்களையே வைத்தேன். அன்றிலிருந்து குழப்பம் பாதி குறைந்தது.

நீர்மட்டத் தாளில் 1841, 1851 என்று பத்துப் பத்தாக 1921 வரை போகலாம். நூறு வருடம் மூடி வைத்துத் திறப்பது அங்கே வழக்கம். 1921 கணக்கின் வீட்டுப் படிவங்கள் 2022இல்தான் வெளிவந்தன. 1881 கணக்கு முழுவதையும் குடும்ப வரலாற்று ஆர்வலர்கள் பல வருடம் உட்கார்ந்து தட்டெழுதி வைத்திருப்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த வருடத்தில் கால் வைப்பது நல்லது. 1921க்குப் பிறகு அளவுகோல் உடைந்துவிடுகிறது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 படிவங்கள் 1942இல் தீயில் போயின. 1941இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. போர் தொடங்கியதும் 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காக எடுத்த ஒரு பதிவேடு இருக்கிறது. அது ஒன்றுதான் இடையில் பிடிமானம். மற்றபடி வரத்தையும் வெளியேற்றத்தையும் வைத்து மட்டத்தை ஊகிக்க வேண்டியதுதான்.

எழுத்துப் பிரச்சினை

இதற்குத்தான் அதிக நேரம் போனது. சொல்லப்போனால் மொத்த வேலையும் இதுதான்.

ஊர்ப் பெயர் எழுத்தில் ஒரு மாதிரி, வாயில் ஒரு மாதிரி. பதிவேட்டில் எழுதும் பாதிரியாரோ குமாஸ்தாவோ காதில் விழுந்ததை எழுதினார். 'என்' எழுத்து இரண்டா ஒன்றா, நடுவில் 'ஐ'யா 'ஒய்'யா 'இ'யா, முடிவில் 'யுஐகே'யா, 'யுஐசிகே'யா, 'ஓஓகே'யா. இவை எல்லாம் கலந்து கலந்து வருகின்றன. 1715இல் ட்வீட்டேல் பகுதியைப் பற்றிப் புத்தகம் எழுதிய மருத்துவர் அலெக்சாண்டர் பென்னிகுக் (1652–1722) இரண்டு என், ஒரு இ, கடைசியில் யுஐகே. கர்னல் இரண்டு என், ஒய், கடைசியில் யுஐசிகே. இன்று அதிகம் பேர் வைத்திருப்பது, காதில் கேட்டபடியே ஓஓகே என்று முடியும் பென்னிகுக். படிக்க எளிதான எழுத்துமுறைக்குத்தான் ஆயுள் அதிகம் என்பது என் எண்ணம். இங்கிலாந்தில் 1870இலும் ஸ்காட்லாந்தில் 1872இலும் கல்விச் சட்டங்கள் வந்த பிறகு, பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதப் பழகினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு கிளையும் தன் எழுத்துமுறையில் உறைந்துபோனது. அதற்கு முன்பு ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகள் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் ஆச்சரியப்படக் கூடாது.

இதைச் சமாளிக்கக் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் 'சவுண்டெக்ஸ்' என்ற முறையை வைத்திருக்கிறார்கள். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளையும் ஒய், டபிள்யூ, ஹெச் ஆகியவற்றையும் தள்ளிவிட்டு, மிச்ச மெய்யெழுத்துகளுக்கு ஒலிக்கு ஏற்ப எண் போடுவார்கள். எம்முக்கும் என்னுக்கும் 5. சி, கே, ஜி, க்யூ, எஸ் போன்றவற்றுக்கு 2. ஒரே எண் உள்ள எழுத்துகள் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் ஒருமுறைதான் கணக்கு. ஒரு தாளில் கர்னலின் பெயரைப் போட்டுப் பார்த்தேன்: பி நிற்கும்; இரண்டு என் சேர்ந்து ஒரு 5; சி 2; யு, ஐ போகும்; அடுத்த சியும் கேவும் ஒட்டி இருப்பதால் சேர்ந்து ஒரு 2. ஆக பி522. ஊரின் எழுத்துக்கும் பி522. ஓஓகேவுக்கும் பி522. மருத்துவருடையதற்கும் அதுவே. அந்த நிமிடம் கைதட்டத் தோன்றியது.

ஆனால் பி522 என்று தேடினால் 'பிஞ்சஸ்' வருகிறார், 'பிங்கஸ்' வருகிறார். இவர்களுக்கும் குயில் மேட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்களைக் கையால்தான் பொறுக்கி எடுக்க வேண்டும். முதல் எழுத்தே தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் இந்த முறை முற்றிலும் கைவிட்டுவிடும். பழைய கையெழுத்தில் பெரிய பி பல நேரம் ஆர் மாதிரியோ டி மாதிரியோ இருக்கும்.

எனக்கு அப்படி ஒன்று நேர்ந்தது. ஒரு தளத்தின் தட்டெழுதிய அட்டவணையில் ஒரு குடும்பத்தின் தகப்பன் இருக்கிறார், மனைவி இருக்கிறார், பிள்ளைகள் இரண்டு பேரைக் காணோம். வீட்டுப் படிவத்தின் படத்தை வாங்கித் திறந்து, நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பேறிய தாள், மங்கிய மை. குமாஸ்தாவின் எழுத்தில் யுவும் ஐயும் மூன்று நேர்க்கோடுகள்தான், இடையில் வளைவே இல்லை. ஐயின் மேல் இருக்க வேண்டிய புள்ளி இரண்டு எழுத்து தள்ளிக் கே தலையில் மிதக்கிறது. ஒரு வேகத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் புள்ளியைக் குத்தியிருக்கிறார். பக்கம் திரும்பும் இடத்தில் இருந்த இரண்டு பிள்ளைகளின் பெயரில் பியின் வயிறு மூடாமல் விட்டுப்போய் டி மாதிரி நின்றது. தட்டெழுதியவர் அதை டி என்றே எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயிரக்கணக்கான பெயர்களைக் கண் வலிக்கப் பார்த்த மனிதர் அவர். ஆனால் என் கணக்கில் இரண்டு உயிர்கள் காணாமல் போயிருந்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடத்துக்கும் மூன்று தேடல் செய்தேன். சவுண்டெக்ஸில் ஒன்று. பி என்று தொடங்கி, நடுவில் என்னும் சியும், முடிவில் கேவும் வரும்படி, இடையில் எந்த எழுத்து வந்தாலும் சரி என்று நட்சத்திரக் குறி போட்டு ஒன்று. மூன்றாவதாக, முதல் எழுத்துக்கே கேள்விக்குறி போட்டு ஒன்று. மூன்றிலும் வந்ததை ஒரே தாளில் ஒட்டி, ஊர், வயது, வீட்டுத் தலைவர் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று இணைத்தேன். மூல எழுத்துக்கு ஒரு பத்தி, நான் திருத்திய எழுத்துக்கு ஒரு பத்தி. மூலத்தை ஒருபோதும் அழிக்கவில்லை. இந்தப் பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளாததால் ஒரு மாத வேலையைத் திரும்பச் செய்தேன். தொடங்குகிறவர்கள் இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

கோட்டில் விழும் பள்ளங்கள்

பெயரின் எண்ணிக்கை ஒரு காலத்தில் குறைந்தால் உடனே கொள்ளைநோய், பஞ்சம், புலம்பெயர்வு என்று கதை கட்டத் தோன்றும். முதலில் பதிவேட்டைச் சந்தேகிக்க வேண்டும். 1783இல் பிரிட்டிஷ் அரசு ஒவ்வொரு ஞானஸ்நானப் பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி போட்டது. 1794இல்தான் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் பலர் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தும் பதிவு செய்யாமல் விட்டார்கள். பிள்ளை பிறக்காமல் இல்லை. கையில் மூன்று பென்ஸ் இல்லை. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை உடைந்து சுதந்திரத் திருச்சபை பிரிந்தபோது, போனவர்களின் பிள்ளைகள் பழைய ஊர்ப் பதிவேட்டில் வராமல் போனார்கள். இந்த வருடங்களின் கட்டங்களை எக்செல்லில் சாம்பல் நிறமாக அடித்துவிட்டேன். அந்த நிறம் உள்ள இடத்தில் கோடு இறங்கினால் எதுவும் பேசக் கூடாது என்று எனக்கு நானே போட்ட விதி.

அதே மாதிரி 1841 கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். வயதை வைத்து ஆளை இணைக்கும்போது இது தெரியாவிட்டால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். ஸ்காட்லாந்தில் இன்னொரு சிக்கல், ஒரு வகையில் வசதியும்கூட: திருமணமான பெண்ணின் இறப்பைப் பிறந்த வீட்டுப் பெயரிலும் புகுந்த வீட்டுப் பெயரிலும் அட்டவணைப்படுத்துவார்கள். பெண்களின் தடம் அழிவதில்லை என்பது எனக்குப் பிடித்தது. வெளியேற்றத் தாளில் மட்டும் இரட்டைப் பதிவைக் கவனித்து நீக்கினேன்.

வரைபடம் போடுவதில் ஒரு சங்கதி. ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் புள்ளி வைத்தால் எடின்பரோ, லண்டன் மாதிரிப் பெருநகரங்கள்தான் கறுப்பாகத் தெரியும். அங்கே எல்லாப் பெயருமே நிறைய இருக்கும். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால்தான் பெயரின் சொந்த மண் மேலே வரும். காலத்துக்கும் அதே வகுத்தல் வேண்டும். ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை 1841இல் சுமார் 26 லட்சம். 1921இல் சுமார் 49 லட்சம். ஒரு பெயர் அந்த எண்பது வருடமும் ஒரே எண்ணிக்கையில் நின்றிருந்தால், அதன் பங்கு ஏறக்குறையப் பாதியாகத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மாவட்ட எல்லைகளும் பழையதாக இருக்க வேண்டும். 1970களில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் எல்லைகளைத் திருத்தி வரைந்தார்கள். பழைய தாள்களில் 'எடின்பரோஷயர்' என்று இருப்பது மிட்லோதியன்தான். நான் முதலில் இன்றைய வரைபடத்தில் 1881ஐ வரைந்து, பிறகு முழுக்க அழித்தேன்.

எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது ஏற்ற இறக்கத்தை அளவுக்கு மீறி மதிக்கக் கூடாது என்பதும் அப்போது புரிந்தது. ஓர் இடத்தில் 9 பேர் என்றால், அதன் வர்க்கமூலமான 3 வரை மேலே கீழே ஆடுவது இயல்பு. 9 அடுத்த கணக்கில் 12 ஆனால் அது வளர்ச்சி ஆகிவிடாது. ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு பக்கத்து மாவட்டத்துக்குப் போனால் இரண்டு மாவட்டத்தின் நிறமும் மாறிவிடும். அதனால் ஆட்கள் எத்தனை என்பதோடு வீடுகள் எத்தனை என்றும் எண்ணினேன். அரிய பெயருக்கு வீடுகளின் எண்ணிக்கைதான் நம்பகமானது.

கர்னலையே காணோம்

இவ்வளவும் செய்து முடித்து, ஆவலோடு கர்னலைத் தேடினேன். என் நீர்மட்டத் தாளில் அவர் எங்கே இருக்கிறார்?

அவர் பிறந்தது புனேயில், 1841 ஜனவரி 15. அந்த வருட பிரிட்டன் கணக்கு ஜூன் 6ஆம் தேதி. ஐந்து மாதக் குழந்தை இந்தியாவில். கணக்கில் இல்லை. 1860இல் பொறியாளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1861 கணக்கிலும் இல்லை. இந்தியாவில் பணியில் இருந்த காலம் முழுவதும் பிரிட்டனின் தாள்களுக்கு அவர் ஒரு காணாமல் போன ஆள். 1887இல் அணை வேலை தொடங்குகிறது, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைக்கிறார். ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்து. 1899இல் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு யோசனை சொல்ல ஆஸ்திரேலியா போய் வந்தார். கடைசியில் சர்ரேயில் உள்ள கேம்பர்லியில் 1911 மார்ச் 9 அன்று இறந்தார். அந்த வருடக் கணக்கு ஏப்ரல் 2. இருபத்து நான்கு நாள். தேதிகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மனிதர், தன் நாட்டின் கணக்கில் வரும்போதும் போகும்போதும் விட்டுப்போயிருக்கிறார்.

அவரைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இருக்கின்றன. இந்தியாவில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை வருடாவருடம் கப்பலில் அனுப்பி வைத்தார்கள். அந்த வரிசையில் என்/1 வங்காளம், என்/2 சென்னை, என்/3 பம்பாய். புனே, பம்பாய் மாகாணம் என்பதால் என்/3இல் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் நடத்தும் 'ஃபிபிஸ்' என்ற சங்கம் இதில் ஒரு பகுதியை இலவசமாகத் தேடத் தருகிறது. இதற்காக நான்காவதாக ஒரு தாள் திறந்தேன். அதன் பெயர்: கடல் கடந்தவர்கள்.

அந்தத் தாளின் மிகக் கனமான வரி 1849 ஜனவரி 13. பஞ்சாபில் சில்லியன்வாலா போர்க்களம். 24ஆம் காலாட்படையைச் சேர்ந்த பிரிகேடியர் ஜான் பென்னிகுயிக், கர்னலின் தந்தை, அங்கே கொல்லப்பட்டார். அவரது மகன் அலெக்சாண்டரும் அதே களத்தில், அதே நாளில். இரண்டு நாள் கழித்து இளையவர் ஜானுக்கு எட்டாவது பிறந்த நாள். ஓர் அரிய பெயர் எப்படி அரிதாகவே இருந்துவிடுகிறது என்பதை எந்தச் சூத்திரத்தையும் விட இந்த ஒரு வரி எனக்குக் காட்டியது.

சூத்திரமும் இருக்கிறது. 1873இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு கேள்வி எழுப்பினார்: மகன்கள் வழியாக மட்டும் போகும் குடும்பப் பெயர்கள் காலப்போக்கில் எத்தனை அழியும்? ஹென்றி வாட்சன் என்ற கணிதம் அறிந்த பாதிரியார் விடை எழுதினார். பிரான்சில் பியனெமே என்பவர் 1845இலேயே இதைத் தொட்டிருந்தார். நீங்களே செய்து பார்க்கலாம். சராசரியாக ஓர் ஆணுக்கு ஒரு மகன், அதுவும் அதிர்ஷ்டப்படி சிலருக்கு இல்லை, சிலருக்கு மூன்று நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் ஒரு கட்டத்தில் 0 போடுங்கள். அதன் கீழ்க் கட்டத்தில், மேல் கட்டத்திலிருந்து ஒன்றைக் கழித்து 'இஎக்ஸ்பி' சூத்திரத்துக்குள் கொடுங்கள். அப்படியே கீழே இழுத்துவிடுங்கள். முதல் தலைமுறையில் பெயர் அழிந்திருக்க வாய்ப்பு 37 சதவீதம். இரண்டாவதில் 53. மூன்றாவதில் 63. பத்தாவது தலைமுறைக்கு வரும்போது 84. நூறு ஆண்கள் நூறு வெவ்வேறு பெயரோடு தொடங்கினால், பத்துத் தலைமுறையில் பதினாறு பெயர்தான் மிஞ்சும். போர் வேண்டாம், நோய் வேண்டாம், வெறும் எண்களே இதைச் செய்துவிடும். வாட்சன் எல்லாப் பெயரும் கட்டாயம் அழியும் என்று முடித்தது பிழை. சராசரி ஒன்றுக்கு மேலே போனால் சில பெயர்கள் தப்பும். 1.2 மகன் என்று போட்டுப் பார்த்தேன். அப்போதும் கடைசியில் 69 சதவீதம் அழிகிறது.

கர்னலுக்கு ஐந்து மகள்கள், ஒரு மகன். ஐந்து பேரோடு பெயர் வெளியேற்றத் தாளுக்குப் போயிருக்க வேண்டும், ஒருவரோடு நின்றது. அந்த மகன் ஜான் (1899–1982) இங்கிலாந்தில் நீதிபதியாகி, சர் பட்டம் பெற்று, உயர் நீதிமன்றத்தின் சான்சரி பிரிவில் துணைத் தலைவர் பதவி வரை உயர்ந்தார்.

இதே எழுத்தில் இன்னொருவரும் கிடைத்தார். காலின் பென்னிகுயிக் (1933–2019), பிரிஸ்டலில் விலங்கியல் பேராசிரியர். பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்பதை இயற்பியல் கணக்காக எழுதியவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் கழுகுகளோடு சேர்ந்து கிளைடரில் பறந்து அளந்தவர். குயில் மேட்டுப் பெயரோடு ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பறவைகளின் பின்னால் போயிருக்கிறார். இந்த வரியைக் கண்டுபிடித்த இரவு மணி ஒன்றரை. எழுப்பிச் சொல்ல வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை. ஓஓகே கிளையில் ஆஸ்திரேலியாவில் மொழியியலாளர் அலஸ்டர் பென்னிகுக் இருக்கிறார்; காலனிய ஆட்சியோடு ஆங்கிலம் எப்படிப் பரவியது என்பது அவர் எழுதும் துறைகளில் ஒன்று.

அக்கா மகனிடம் வரைபடத்தைக் காட்டினேன். ஸ்காட்லாந்தின் கிழக்கோரத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என் எழுத்துப் பட்டியலைப் படித்தான், இத்தனை விதமாகவா என்று கேட்டான். அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு லோயர்கேம்ப் வரை போய் வந்தேன். வழியில் கண்ணில் பட்ட பலகைகளை அவன் தன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான்: பென்னிகுயிக், பென்னிகுக், பென்னி குவிக், பென்னிக்குவிக். அங்கே குமாஸ்தாக்கள் செய்ததை இங்கே பெயிண்டர்கள் செய்திருக்கிறார்கள்.

இப்போது ஐந்தாவது தாள் ஒன்று திறந்திருக்கிறோம். இதில் பெயர் கடைசிப் பெயராக இல்லை, முதல் பெயராக இருக்கிறது. தகப்பனிடமிருந்து வந்ததில்லை, ஊரார் விரும்பி வைத்தது. அதனால் கால்டனின் சூத்திரம் இதற்குப் பொருந்தாது. பத்திகள்: பிறந்த வருடம், ஊர், எழுத்துமுறை. தனி ஆட்களின் விவரம் என்பதால் இந்தத் தாள் எங்கள் வீட்டை விட்டு வெளியே போகாது. முதல் வரிசையில் அவனையே எழுதச் சொன்னேன். எழுத்துமுறைப் பத்தி வந்ததும் நிறுத்தினான்.

"மாமா, ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல ஒரு மாதிரி இருக்கு, ரேஷன் கார்டுல ஒரு மாதிரி இருக்கு. எதைப் போட?"

"ரெண்டையும் போடு. மூலத்தை அழிக்கக் கூடாது."